காவல் நாயின் ஆகாரம்

வயற்காட்டுக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக் காவலுக்கும் நாய் வளர்ப்பது தென் மாவட்டங்களில் நெடுநாளைய வழக்கமாகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய ஜாதி நாய்கள் இவ்வழக்கத்தோடு வளர்ந்தவை. இன்றளவும் குடியானவர்களுடைய கொட்டில்களிலும் தோப்புகளிலும் காவல் புரிந்து வருகின்றன. ராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் பொறிக்கப்பட்டது. அஞ்சல் தலையில் ஏறிய அந்த நாய்க்குக் கொல்லைப்புறத்துச் சட்டியில் விழுவதோ, இலையில் மிஞ்சிய குழம்புச் சோறும், புளித்துப்போன பழையதும், கறிக்கடையில் விலைபோகாத பச்சை நுரையீரலுமேயாகும்.

கறவைப் பசுவுக்குப் பிண்ணாக்கு எவ்வளவு, தவிடு எவ்வளவு, தாது உப்புக் கலவை எவ்வளவு என்று கால்நடை வைத்தியரைத் தேடிச்சென்று விசாரிக்கும் குடியானவர், தம் காவல் நாயின் தீனியைப் பற்றி ஒருவரையும் ஒன்றும் கேட்பதில்லை. நாய் பால் கறப்பதில்லை, ஏர் இழுப்பதில்லை, சந்தையில் விலைபோவதும் அரிது. ஆகவே அதன் ஆகாரம் எந்தக் கணக்கிலும் ஏறாமற் போயிற்று. இது நாய்க்கு மட்டும் நேர்ந்த அநியாயமாயின், அதனைக் கருணை உள்ளவர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம். ஆனால் நாய் தின்பது நாயோடு நின்றுவிடுவதில்லை. அது பட்டியிலுள்ள ஆட்டின் மூளைக்கும், சினைப்பசுவின் கருவுக்கும், திண்ணையில் விளையாடும் குழந்தையின் ஈரலுக்கும் போய்ச் சேரக்கூடியது. ஆதலின், நாயின் சட்டி பண்ணையின் தீவனத் தொட்டிகளுள் ஒன்றாகவே கருதப்படுதல் வேண்டும்.

முதற்கண் இரண்டு தப்பெண்ணங்களை நீக்கவேண்டியிருக்கிறது. பட்டினி கிடக்கும் நாயே நன்றாகக் காவல் காக்கும் என்பது ஒன்று. பட்டினி நாய் காவலிடத்தில் தங்குவதே இல்லை. இரவெல்லாம் குப்பைமேட்டையும் செத்த மாட்டையும் தேடித் திரிகின்றது. திருடன் எறியும் ஒரு துண்டு இறைச்சிக்கு முதலில் வாலாட்டுவதும் அதுவே. மற்றொன்று, இறைச்சி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது. வெறிநோய் ஒரு நுண்கிருமியால் வருவது. நோயுற்ற பிராணியின் கடியால் அதன் உமிழ்நீர் வழியே பரவுவது. சமைத்த இறைச்சிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அந்நோயைத் தடுக்க ஆண்டுதோறும் ஊசி போடுவதே வழி, ஆகாரத்தைக் குறைப்பதன்று.

நாய் ஓநாயின் வழிவந்தது. ஆகவே அதற்கு மாமிசமே இயற்கை ஆகாரம், தானியம் ஆகாது என்று நகரங்களில் இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. இதுவும் முழு உண்மையன்று. 2013-இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், மாவுப் பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே இருக்க, வீட்டு நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை இருப்பது காணப்பட்டது. மனிதன் உழவு தொடங்கி அவன் எறிந்த தானிய உணவைத் தின்று பழகிய பிராணிக்கு அவ்வுணவைச் செரிக்கும் சக்தி பெருகியது என்பதே அந்த ஆய்வினரின் கருத்து. ஆகவே கம்மங்கூழும் கேழ்வரகுக் களியும் தின்று தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்த நாட்டு நாய்களைக் கண்டு எவரும் நகைக்க வேண்டுவதில்லை. தானியம் நன்றாக வெந்திருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

ஆயினும் தானியம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. இதற்குக் கணக்கே விடை கூறும். இருபது கிலோ எடையுள்ள ஒரு காவல் நாய்க்கு நாளொன்றுக்கு அதன் உழைப்பிற்கேற்ப 1,000 முதல் 1,250 கலோரி வரை சக்தி தேவை. முந்நூறு கிராம் அரிசியை வடித்துப் போட்டால் ஏறக்குறைய 1,050 கலோரி கிடைத்துவிடும், வயிறும் நிறையும். ஆனால் வளர்ந்த நாயின் ஆகாரத்தில், ஈரம் நீக்கிய எடையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்காவது புரதம் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் நிர்ணயித்துள்ள அளவு. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும் அது 22.5 பங்கு. தீட்டிய அரிசியில் உள்ளது ஏழு எட்டுப் பங்கே. ஆகவே அரிசிச் சோறு மட்டும் தின்னும் நாய் தனக்கு வேண்டிய புரதத்தில் பாதியளவே பெறுகிறது. கம்பு சற்று மேலானது. அதில் ஏறக்குறைய பதினொரு பங்கு உண்டு. கேழ்வரகில் புரதம் அரிசியளவே எனினும், 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை.

ஒரே தானியத்தை நம்பிய நாய்களுக்கு வந்த கேட்டினின்றே மனித ஆகாரத்தைப் பற்றிய சில பெரிய உண்மைகள் வெளியாயின என்பது பலரும் அறியாத செய்தி. 1919-ஐ ஒட்டி லண்டனில் எட்வர்ட் மெலன்பி என்னும் ஆராய்ச்சியாளர், நாய்க்குட்டிகளைத் தானியமே மிகுந்த ஆகாரத்தில் வெயில் படாமல் வளர்த்து, அவற்றின் எலும்பு மெலிந்து கால் வளைவதைக் கண்டார். மீன் எண்ணெய் சேர்த்தபோது அக்கேடு வரவில்லை. மக்காச்சோளத்தை முக்கிய ஆகாரமாகக் கொண்ட நாய்களுக்கு நாக்குக் கறுத்து வாய் புண்ணாகும் நோய் வருவதுண்டு. 1937-இல் கான்ராட் எல்வேஜெம் அமெரிக்காவில் அந்நோயை நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்தினார். மனிதரின் பெல்லாகிரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. பின்னர், தக்காணத்தில் சோளத்தையே தின்னும் ஏழை மக்களிடம் பெல்லாகிரா காணப்பட்டபோது, ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் நாய்களையும் வைத்தே அதன் காரணத்தை ஆராய்ந்தனர். கால் வளைந்த குட்டியைப் பார்த்து, அது ஜாதிக் குறை என்று தள்ளிவிடுவோர் கிராமங்களில் பலர். பெரும்பாலும் அது சட்டியின் குறையே. வெயிலில் விட்டாலே சரியாய்விடும் என்று எண்ணுவதும் தவறு. மனிதன் தோலில் வெயிலால் உண்டாகும் டி வைட்டமின் நாயின் தோலில் போதிய அளவு உண்டாவதில்லை. அதனை முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றின் வழியாகவே அது பெறவேண்டும்.

இனி, குழம்புச் சோற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மனிதர் தின்பதுதானே, நாய்க்கு என்ன கெடுதி என்பது பொதுவான எண்ணம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உட்சென்றால் இரத்தத்தில் கேடு தோன்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டுக் கிலோக் குட்டிக்கு அது ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயந்தான். சிறுகச் சிறுகத் தினந்தோறும் தின்றாலும் தீங்கு சேரும். வேகவைப்பதால் அதன் விஷம் நீங்குவதில்லை. சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் செந்நிறமாகக் கழியும் நாயைக் கண்டு, தெள்ளுப்பூச்சியும் உண்ணியுமே காரணம் என்று முடிவு செய்யுமுன், சட்டியில் முந்தின நாள் விழுந்தது என்ன என்று வீட்டுப் பெண்களைக் கேட்பது நலம். உண்ணியாலும் அவ்வாறு வரக்கூடுமாதலால், வைத்தியரிடம் இரண்டையும் சொல்லவேண்டும்.

புளியைப் பற்றிய செய்தி இன்னும் புதியது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலற்றுப்போவது முன்னரே அறியப்பட்டிருந்தது. அதிலுள்ள விஷம் எதுவென்று மட்டும் தெரியாதிருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை விஷ வைத்தியர்கள் அது திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாய் இருக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தனர். மறு ஆண்டு, புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேவிதமாகச் சிறுநீரகக் கேடு வந்த விவரங்களை வெளியிட்டனர். புளிக்குப் புளிப்பைத் தருவதும் அந்த அமிலமே. எல்லா நாய்க்கும் ஒரே அளவில் தீங்கு வருவதில்லை. ஆண்டுக்கணக்காகப் புளிக்குழம்புச் சோறு தின்று நடமாடும் நாய்களும் உண்டு என்று குடியானவர் சொல்லக்கூடும். அது மெய்யே. ஆனால் எந்த நாய் தாங்கும், எது தாங்காது என்று முன்னதாக அறியும் உபாயம் இல்லாதபோது, புளியோதரையையும் கெட்டிப் புளிக்குழம்பையும் நாய்க்கு இடாமலிருப்பதே விவேகம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் நாய் கட்டுகிறவர்கள், உதிர்ந்த பழங்களை நாய் தின்ன விடாமல் கூட்டித் தள்ளுதல் அவசியம். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்களும் நாய்க்கு விஷம் என்பதைப் பட்டணத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தால் போதும்.

இவற்றினும் பெரிய அபாயம் பண்ணைக் கிடங்கிலேயே இருக்கிறது. மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தையும் நிலக்கடலைப் பிண்ணாக்கையும் மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும்போது, அதனை வீணாக்க மனமின்றி நாய்க்குக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருவாரியாக மடிந்தபோதுதான், அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. நாய் இவ்விஷத்திற்கு மிக எளிதில் இரையாகும் பிராணிகளுள் ஒன்று. ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, சில நாள்களில் மாண்டுபோகிறது. கொதிக்கவைத்தால் பூஞ்சணம் சாகும், விஷம் சாகாது. மாட்டுக்கு ஆகாதது நாய்க்கு ஆகும் என்னும் கொள்கை எங்கிருந்து வந்ததோ! அத்தானியத்தைக் குழியிலிட்டுப் புதைப்பதே முறை. எருவுக்காக வாங்கிவைத்த ஆமணக்குப் பிண்ணாக்கையும் நாய் விரும்பித் தின்னும், எலும்புத்தூளோடு கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆமணக்கு எண்ணெயில் இல்லாத கொடிய விஷம் அதன் பிண்ணாக்கில் தங்கியிருக்கிறது. எலிக்கு வைத்த துத்தநாகப் பாஸ்பைடு உருண்டையும், அதைத் தின்று விழுந்த எலியும் நாய்க்கும் யமனே. மருந்து வைக்கும் இரவுகளில் நாயைக் கட்டிவைத்து, விடிந்ததும் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்தபின் அவிழ்த்துவிடவேண்டும்.

அப்படியாயின் எதைத்தான் இடுவது? மேற்சொன்ன இருபது கிலோ நாய்க்கு ஒருநாள் ஆகாரமாகக் கம்பு அல்லது கேழ்வரகு 150 கிராம், பாசிப்பயறு 50 கிராம் ஆகியவற்றைக் குழைய வேகவைத்து, அவித்த முட்டை இரண்டும், மத்தி போன்ற மலிவான மீன் 100 கிராமும், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்தால், ஏறக்குறைய 1,000 கலோரியும் 60 கிராமை ஒட்டிப் புரதமும் கிடைக்கும். மீன் கிடையாத உள்நாட்டில் வேகவைத்த கோழி ஈரல் கொஞ்சமும் கோழி இறைச்சியும் அதற்கு ஈடாகும். முட்டை ஓட்டைக் கழுவி உலர்த்தி நைய அரைத்த பொடி அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து நிறைவுபெறும். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் ஊட்டுவோர் இதனை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். பூசணி, காரட், கீரைத் தண்டு எது கிடைக்கிறதோ அதில் ஒரு பிடி போடலாம். மிளகாய், புளி, வெங்காயம் சேரலாகாது. உப்பு சிறிது போதும். வேலை அதிகமுள்ள நாய்க்குத் தானியத்தையும் எண்ணெயையும் கூட்டலாம். விலா எலும்பு தடவினால் கைக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் துருத்தித் தோன்றாதிருத்தல் அளவு சரியென்பதற்கு அடையாளம்.

வீட்டுக் குழந்தைக்கே தினம் ஒரு முட்டை கிடையாதபோது நாய்க்கு இரண்டு முட்டையா என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே, குழந்தைக்கு முதலில் கொடுப்பதே முறை. ஆனால் இப்பத்திரிகையைப் படிக்கும் நிலமுடையோரில் பெரும்பாலார் அந்நிலையில் இல்லை. பத்து லிட்டர் பால் கறக்கும் பசுவுக்கு நாள்தோறும் ஐந்து கிலோவை ஒட்டிக் கலப்புத் தீவனம் வைக்கப்படுகிறது. நாய் கேட்பது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பண்டமே. உடைந்த முட்டையும், கோழிக்கடையில் மிஞ்சும் ஈரலும் காலும், அறுவடையில் சிந்திய பயறும் ஒழுங்காகச் சேர்த்து வேகவைக்கப்பட்டால் செலவு மேலும் குறையும். கருவாட்டுத் தலை மலிவானதுதான். ஆனால் அதன் உப்பை இருமுறை ஊறவைத்து நீக்காமல் போடக்கூடாது. இத்தனைக்கும் இயலாதவர் ஒரு நாயோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று நாய்களைப் பட்டினிபோட்டு வளர்ப்பதைவிட ஒன்றை நிறைய ஊட்டி வளர்த்தல் காவலுக்கும் நல்லது. வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளிக்கத் தவறுவது, 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

எலும்பு பற்றி ஒரு வார்த்தை. வெந்த எலும்பு, விசேஷமாகக் கோழி எலும்பு, ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் தைக்கும். விரலால் நசுங்குமளவு பிரஷர் குக்கரில் வெந்த மீன் முள்ளுக்கு அந்தப் பயம் இல்லை. பசும்பால் வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பேதியாகும்; மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குட்டிகளைத் தாயிடமிருந்து ஆறு வாரத்திற்குள் பிரித்து, தண்ணீர்ப் பாலும் சோறும் ஊற்றி வளர்ப்பது பெரும் தவறு. தாய் பிரிந்த குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையும், வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளையும் உணவிடவேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த நெஞ்சுக்கூடுடைய நாய்களுக்கு ஒரே வேளையில் வயிறு புடைக்கப் போட்டு உடனே ஓடவிட்டால், இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போவதுண்டு. காலையில் பாதியும், இராக்காவலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பாதியுமாகப் பகிர்ந்திடுவது தகும். தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

பையில் அடைத்து விற்கும் நாய்த்தீவனம் இப்போது சிற்றூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. அதில் குற்றம் ஒன்றுமில்லை; சத்துகள் யாவும் அளவாகச் சேர்ந்தது என்று பையின்மேல் எழுதியிருந்து, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதும் குறித்திருந்தால், சமைக்க நேரமில்லாதவர்க்கு அது உதவும். எனினும் பை என்பதனாலேயே அது பரிசுத்தம் என்று நம்பிவிடலாகாது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அஃப்ளடாக்சின் கலந்த மக்காச்சோளத் தீவனத்தாலும், 2007-இல் மெலமைன் கலந்த கோதுமைப் பசையாலும் பல நாய்கள் மாண்டன. தானியமே இல்லாத விலையுயர்ந்த தீவனங்களுக்கும் நாய்களின் இருதய வீக்கத்திற்கும் தொடர்புண்டா என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது, காரணம் அறுதியிடப்படவில்லை. கிராமத்தார் கவனிக்கவேண்டியது வேறொன்று: பெரிய பையைக் கத்தரித்துச் சில்லறையாக நிறுத்து விற்கும் கடையில், தேதியும் தெரியாது, ஈரமும் ஏறியிருக்கும். மூடிய பையாகவே வாங்குதல் வேண்டும்.

இதுகாறும் சொன்னவை நாயின் நன்மைக்கு உரியவை. இனிச் சொல்வது ஊரின் நன்மைக்கு உரியது. பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவது போன்ற தீய வழக்கம் கிராமங்களில் பிறிதொன்றில்லை. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள் காணப்படும். கசாப்புக்காரர் அப்பகுதியை விற்க இயலாமல் நாய்க்கு எறிவார். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒருவகை நாடாப்புழுவின் தலைகள் ஏராளமாக இருக்கும். அவை நாயின் குடலில் ஒட்டி, சில மில்லிமீட்டர் நீளமே வளர்ந்து, நாய்க்குப் பெரிதாக ஒரு கெடுதியும் காட்டாமல் முட்டையிடும். நாயின் மலத்தோடு வெளிவந்த முட்டை புல்லிலே பட்டு ஆட்டுக்குச் செல்லும். நாயின் மயிரில் ஒட்டி அதனைத் தடவிக் கொடுக்கும் குழந்தையின் வாய்க்கும் செல்லும். குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அது நீர்க்கட்டியாக ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, பின்னொரு காலத்தில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய் விடும். செத்த ஆட்டின் தலையைத் தின்னும் நாயிடமிருந்து வேறொரு நாடாப்புழுவின் முட்டை மந்தைக்குப் பரவுகிறது. அதனால் ஆட்டின் மூளையில் கட்டி வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்து விழுந்து மடிகிறது. கருச்சிதைந்து விழுந்த கன்றையும் இளங்கொடியையும் தின்னும் நாய், நியோஸ்போரா என்னும் கிருமியைப் பெற்றுத் தீவனத்தில் கழித்து, வேறு பசுக்களின் கருவையும் சிதைக்கக்கூடும் என்பது 1998-இல் உறுதிப்பட்டது. கன்று ஈன்ற பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் உயரக் கட்டிவந்த முன்னோர், பால் பெருகும் என்ற நம்பிக்கையால் செய்தாலும், அது நாயின் வாய்க்கு எட்டாமற் போயிற்று. மரத்தில் கட்டுவதைவிட ஆழப் புதைப்பது இன்னும் மேல்.

இதனைத் தடுக்க இயலுமா எனின், இயலும் என்பதற்குச் சான்று உண்டு. ஐஸ்லாந்து தீவில் மேற்சொன்ன நீர்க்கட்டி நோய் ஒரு காலத்தில் மிகக் கொடுமையாகப் பரவியிருந்தது. 1863-இல் அங்குச் சென்ற டென்மார்க் தேசத்து ஹரால்ட் கிராபே என்னும் அறிஞர், தாம் அறுத்துப் பார்த்த நாய்களில் நாலில் ஒன்றுக்கு மேல் அப்புழு இருக்கக் கண்டார். நோயின் காரணத்தையும், பச்சைக் கழிவை நாய்க்கு இடலாகாது என்பதையும் விளக்கி அவர் எழுதிய சிறு புத்தகம் அந்நாட்டு மொழியில் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் படித்தனர், படித்தபடி நடந்தனர், பின்னர்ச் சட்டங்களும் வந்தன. அந்நோய் அத்தீவைவிட்டு நீங்கிற்று. நியூசிலாந்தில் 1930-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி, நாய்களுக்குக் கட்டாயமாகப் புழுமருந்து கொடுத்தும் பச்சைக் கழிவிடுவதைத் தடுத்தும் நெடுங்காலம் நடந்து, 2002-இல் நோய் நீங்கிய தேசமெனத் தற்காலிகமாக அறிவிக்கப்படும் நிலைக்கு வந்தது. இவ்விரு தேசங்களிலும் புதிய மருந்து எதுவும் தொடக்கத்தில் இல்லை. நாயின் வாய்க்கு எது போகிறது என்பதை மட்டுமே கவனித்தனர்.

இங்கு அக்கவனம் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் இருந்து தொடங்கவேண்டும். கோயில் கொடை நாள்களில் கிடா வெட்டு முடிந்ததும் குடலும் நுரையீரலும் வெட்டிய இடத்திலேயே கிடக்க, ஊர் நாய்கள் யாவும் அங்கே கூடுகின்றன. கொடைக்குப் பந்தல் போடுவதைப் போலவே, கழிவுக்கு ஓர் ஆழ்ந்த குழி முந்தின நாளே வெட்டிவைக்கச் செய்தல் பெரிய காரியமன்று. நாய்க்கு இட்டே தீரவேண்டுமென்பவர், கழிவைச் சிறு துண்டுகளாக அரிந்து அரைமணி நேரத்திற்குக் குறையாமல் கொதிக்கவைத்து இடட்டும். கட்டியுள்ள பாகத்தை அவ்வாறும் இடவேண்டாம். செத்த மாட்டை ஓடைக்கரையில் எறியும் வழக்கமும் ஒழியவேண்டும். முற்காலத்தில் அதனைக் கழுகுகள் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. 1990-களில் இந்தியாவில் அவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்தே காரணமென்று 2004-இல் தெரியவந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. கழுகு போன இடத்தில் நாய் வந்து அமர்ந்திருக்கிறது. ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்கு ஊராட்சி இடம் ஒதுக்கவேண்டும். அடைப்பான் நோயால் இறந்ததோ என்று ஐயமுள்ள மாட்டை அறுக்காமலும் தோலுரிக்காமலும் புதைத்து, கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.

புழுமருந்தைப் பொறுத்தவரை, பிராசிகுவான்டல் என்பது இந்நாடாப்புழுக்களுக்கு ஏற்றது. நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், இருபது கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம். ஆண்டுக்கு நான்கு முறையாவது கொடுக்கவேண்டும். தேதி மறந்துபோகிறது என்பதே எல்லோரும் சொல்லும் தடை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அன்று காலையில் ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களுக்கெல்லாம் மருந்து என்று தண்டோரா போட்டுவிட்டால், நான்கு தேதிகளும் ஒருவருக்கும் மறவா. கால்நடை ஆய்வாளர் எடையைப் பார்த்து மாத்திரையைக் கணக்கிட்டுத் தருவார். மருந்து உட்கொண்ட நாயை இரண்டு நாள் கட்டிவைத்து, அது கழிக்கும் மலத்தை ஒவ்வொரு வேளையும் மண்வெட்டியால் அள்ளி எரித்துவிடவேண்டும், அல்லது கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் எட்டாத இடத்தில் ஆழப் புதைக்கவேண்டும்.